சம்பந்தி போட்டிருந்த கறுப்புக் கண்ணாடி

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தினப்படி நினைப்பு. உன் மாமனாரின் சௌக்கியத்தை நான் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை, நீ போனில் அனுப்பிய படத்திலேயே அது பளிச்சென்று தெரிகிறது. கடற்கரையில் கறுப்புக் கண்ணாடியும் அகலத் தொப்பியுமாகப் புது மாப்பிள்ளை தோற்றுப்போகும்படி நிற்கிறார். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, சம்பந்திக்குப் பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்குங்க என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், பொறாமைதான். முப்பது வருஷமாக மொட்டை மாடிகளில் வெள்ளைப் பெயின்ட் அடித்து உச்சி வெயிலில் வெந்தவன் நான். அவர் வங்கியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஓய்வு பெற்றவர், இப்போது பால்கனியில் பேப்பர் படிக்கிறார். அவருக்கு எதற்கம்மா கறுப்புக் கண்ணாடி? போதாக்குறைக்கு, மாமாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன் என்று வேறு நீ எழுதியிருந்தாய். அன்று முழுக்க நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், காரணம் கேட்ட உன் அம்மாவிடம் பல்வலி என்றேன்.

அடுத்த வாரமே உன் பார்சல் வந்தது. பிரித்தால் அதே கண்ணாடி, அதே தொப்பி. சந்தோஷப்பட வேண்டியவன்தான், ஆனால் புத்தி எங்கே போனது தெரியுமா, அவருக்கு வாங்கும்போது போனால் போகிறது என்று எனக்கும் ஒன்று எடுத்துப் போட்டிருக்கிறாள் என்று போனது. இரண்டையும் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். நீ போனில் கேட்டபோது தினமும் போடுகிறேன் என்று சொன்னது பச்சைப் பொய், மன்னித்துவிடு. எனக்கு ஒரு தொழில் சாக்கும் இருந்தது. மாடியில் முதல் பூச்சும் வெள்ளை, இரண்டாவது பூச்சும் வெள்ளை. எந்த இடம் விட்டுப்போனது என்பது ஈரம் மினுங்குவதை வைத்துத்தான் தெரியும், அதற்குத் தரையோடு தலையைச் சாய்த்து வெயில் பக்கமாகப் பார்க்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி போட்டால் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். அதனால் எங்கள் ஆட்கள் கண்ணாடி வைத்திருந்தாலும் சரியாக அந்த நேரத்தில் நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். மேலேயும் வெயில், கீழேயிருந்தும் வெயில், நடுவில் வெறும் கண்.

பத்து நாளாக வலது கண் சிவந்து மணல் விழுந்ததுபோல் உறுத்திக்கொண்டே இருந்தது. முன்னெப்போதும் இல்லாதபடி ஒரு மாடியில் இரண்டு முழம் நீளத்துக்குப் பூசாமல் விட்டுவிட்டு இறங்கியிருக்கிறேன். வீட்டுக்காரர் கூப்பிட்டுக் காட்டியபோது மறுபடியும் பெயின்ட் டப்பாவோடு மாடி ஏறினேன். என்னோடு வேலை செய்கிற கூட்டாளி கையோடு என்னைக் கண் டாக்டரிடம் இழுத்துப் போனார். மூக்குப் பக்கமாகச் சதை வளர்ந்து கருவிழியை நோக்கி நகர்கிறதாம், வெயில் பட்டுப் பட்டு வருவதாம். நடுவிழி வரை வந்தால் பார்வை மறைக்கும், அப்போது வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். தெருவில் விற்கிற மலிவுக் கண்ணாடி இருட்டாக இருந்தால் மட்டும் போதாது, புற ஊதாக் கதிரைத் தடுக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், பக்கவாட்டிலும் மறைக்க வேண்டும், கூடவே தொப்பியும் வேண்டும் என்றார். நான் வெள்ளை மேல் வெள்ளை கதையைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற கூட்டாளி, முதல் பூச்சுல ஒரு சிட்டிகை நீலம் கலந்துட்டா விட்ட இடம் தானா தெரிஞ்சிடும்ணே என்றார். முப்பது வருஷச் சாக்கு ஒரு சிட்டிகையில் போய்விட்டது.

என் மகள் எனக்கும் இதே கண்ணாடி அனுப்பியிருக்கிறாள், நல்லதா பாருங்கள் என்று உன் மாமனார் படத்தை டாக்டரிடம் காட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பக்கவாட்டுலயும் மறைக்குது, நேர்ல கொண்டாங்க சோதிச்சிடலாம், அது சரி, பக்கத்துல கண்ணைச் சுருக்கிட்டு நெத்தியில கைய வச்சுக்கிட்டு நிக்குதே ஒரு பொண்ணு, அதுக்கு ஒண்ணு இல்லையா என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் படத்தை நான் நூறு தடவை பார்த்திருப்பேன், தாயே. ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணாடியைப் பார்த்தேன், அவர் தொப்பியைப் பார்த்தேன். உன்னைப் பார்க்கவே இல்லை. நாள் முழுக்கச் சாலையோரம் வெயிலில் நின்று நிலம் அளக்கிறவள் நீ. நிழலில் இருக்கிறவருக்கு ஒன்று, கோபித்துக்கொண்டு புடவைக்கு அடியில் ஒளித்தவனுக்கு ஒன்று, உனக்கு உன் கைதான். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. சொட்டு மருந்து எரிகிறது என்றேன், இந்தத் தடவை அவள் நம்பவில்லை.

நேற்றிலிருந்து கண்ணாடியும் தொப்பியும் போட்டுத்தான் மாடி ஏறுகிறேன், இது பொய்யில்லை, கூட்டாளியையே கேட்டுக்கொள். நீ இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே கடைக்குப் போய் உனக்கு ஒன்று வாங்கு, அவருடையதைவிட ஒரு படி உசத்தியாக. மாப்பிள்ளையிடமும் சொல், வருஷத்துக்கு ஒரு தடவை இருவரும் கண்ணைக் காட்டுங்கள். கண்ணும் கருத்துமாக நீண்ட நாள் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். அதைப் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பு. மறக்காதே, அந்தப் படத்தில் நீ மட்டும் இருந்தால் போதும். உன் மாமனார் நின்றே தீருவேன் என்றால் ஓரமாக நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்கத் தவறிய
அப்பா