கிட்டத்துப் பார்வை

மார்ச் 4, செவ்வாய்
நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினேன். ஓயாத தாகம், மெலிவு. எல்லாம் இந்த முப்பத்தைந்து வயதில் டைப் ஒன் சர்க்கரையில் வந்து நின்றது. இன்சுலின் போட ஆரம்பித்ததும் தாகம் அடங்கிவிட்டது. வீட்டில் நானும் தம்பியும்தான். அவன் விடாமல் விசில் அடிக்கிறான்.

மார்ச் 6, வியாழன்
அச்சகத்திலிருந்து சரித்திரப் பாடத்தின் மெய்ப்பு வந்தது. பிரித்தால் எழுத்தெல்லாம் பஞ்சுப் பொதி. எதிர் மாடியில் காயும் சட்டையின் பொத்தான் தெரிகிறது. கையிலிருக்கும் தாள் தெரியவில்லை. பிழை திருத்திப் பிழைக்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மார்ச் 7
தம்பியிடம் சொல்லவில்லை.

மார்ச் 8, சனி
இன்சுலின் பேனாவைத் திருகி ஆறில் நிறுத்தினேன். ஊசியை வயிற்றருகே கொண்டுபோகும்போது, பல் துலக்கிக்கொண்டே வந்த தம்பி கத்தினான்.
“அக்கா, நில்லு! அது ஆறு இல்ல, பதினாறு!”
வாயெல்லாம் நுரை அவனுக்கு. ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற பயல்.
“கண்ணு தெரியலன்னு ஏன் சொல்லல?”
சொன்னால் நிஜமாகிவிடுமே — வேறென்ன. கண் போயிடுச்சா? இவ்வளவு சீக்கிரமா?

மார்ச் 10, திங்கள்
கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு வெகுநேரம் பார்த்தார்.
“விழித்திரை நல்லாத்தான் இருக்கும்மா. ஏறிக்கிடந்த சர்க்கரை மளமளன்னு இறங்குது. கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் அதுக்கு ஈடு கொடுக்க முடியாம தடுமாறுது. சில வாரத்துல தானா சரியாயிடும். அதுக்குள்ள கண்ணாடி வாங்கிடாதீங்க, வீணாப் போகும்.”
வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதது நானில்லை, தம்பி.

மார்ச் 17, திங்கள்
தடித்த பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். இன்சுலின் பேனாவில் எண்ணைப் பார்த்துச் சொல்வது தம்பி வேலை. சொன்னதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். “ஆச்சா? திரும்பலாமா?”
அச்சக முதலாளியிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். “மெதுவா வாங்கம்மா. ஆனா வந்துடுங்க. மன்னர் போருக்குப் புறப்பட்டார்ங்கிறது, பேருக்குப் புறப்பட்டார்னு அச்சாயிடுச்சு” என்றார். வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

மார்ச் 25
தலைப்புகள் தெரிகின்றன. சின்ன எழுத்து இன்னும் இல்லை. பொறு, மனமே.

ஏப்ரல் 5, சனி
திங்களன்று வேலைக்குப் போகிறேன். காலையில் என் தட்டை வைக்கக் குனிந்தான் தம்பி.
“டேய், உன் மீசையில நரை!”
“கண்ணு தெரிஞ்சதும் குத்தம் கண்டுபிடிக்க ஆரம்பிச்சிட்டியா?”
“எப்படா வந்துச்சு?”
“நீ பாக்காதப்ப” என்றான்.