நாலு தைல மரமும் ஒரு ரசமட்டமும்

என் அன்பு மச்சான் குணாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் போன் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் நம் வாட்ஸ்அப் படக் குழுவைத் திறந்து பார்க்காதே. பார்த்தால் முதலில் சிரிப்பாய், அப்புறம் கோபப்படுவாய். எனக்குக் கோபம் மட்டும்தான் வருகிறது. அதிலும் முக்கால்வாசி என் மேல்தான்.

நீ போன மறுநாள் குழுவில் வரிசையாக மெழுகுவர்த்தி, கும்பிட்ட கை, அழுகிற முகம். ராஜம் டீச்சர் உன் படம் ஒன்றைப் போட்டார். போன தீபாவளிக்கு நான் எடுத்தது, புதுச் சட்டையோடு தக்காளி பயிரிடும் பிளாஸ்டிக் கூடாரத்து வாசலில் நீ நிற்பது. அதன் கீழே ஒருவன் 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே 'முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் கூட்டியிருக்கலாம்' என்றும் எழுதினான். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு படம் போட வேண்டும், பார்க்கிறவர்கள் ஒன்றைப் பாராட்டி ஒன்றைத் திருத்த வேண்டும் என்பதுதானே நம் சட்டம். செத்தவனுக்கும் விலக்கு இல்லை போலிருக்கிறது.

அவனைத் திட்ட எனக்கு வாயில்லை மச்சான். அந்தச் சட்டத்தைப் போட்டவனே நான்தானே.

கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றி வரும்போதெல்லாம் பிரிஞ்சாங்கில் என் கடை வாசலில் லோரியை நிறுத்துவாய். ஒரு தே தாரிக், ஒரு ரொட்டி. சாப்பிட்டு முடிப்பதற்குள், எடுத்த படத்தைக் காட்ட அந்தப் பழைய கேமராவை என் முகத்துக்கு நேரே நீட்டிவிடுவாய். என்னத்தைத்தான் எடுத்திருப்பாய்? உன் வீட்டுக்காரி மல்லிகாவின் சேறு அப்பிய பூட்ஸ். புழு கடித்த முட்டைக்கோஸ். தேயிலைக்கு மருந்தடிக்கப் போகிற ஆள் ஒற்றைக் காலில் நின்று சாக்ஸ் மாட்டுவது. ஊர் ஊராய் வந்து தேயிலை மலைக்கு முன்னால் கையை விரித்து நிற்கிறார்கள், அதே தோட்டத்து லயத்தில் பிறந்த நீ ஒரு நாளும் மலையை எடுத்ததில்லை. ஏனென்று கேட்டேன்.

"மலை எங்க மச்சான் போவப் போவுது? பூட்ஸ்தான் நாளைக்குக் கிழிஞ்சிடும்."

கடை முழுக்கச் சிரித்தது. நானும்தான்.

எனக்கு மட்டும் என்ன தெரியும்? ரொட்டி போடுகிற கையால் போனைத் தள்ளித் தள்ளி, யார் யாரோ பேசும் வீடியோக்களைப் பார்த்துப் படித்த அரைகுறை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, இந்த மலையில் அந்தச் சர்க்கரை நான். நான் 'நேராக்கு' என்றால் நேராக்குவார்கள், 'வெட்டு' என்றால் வெட்டுவார்கள். அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது, அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

அப்புறம் அந்த ஞாயிறு. அதிசயமாக நீ மலையைப் படமெடுத்து அனுப்பினாய். உன் ஸ்டோர் கொட்டகைக்குப் பின்னால் ஏறும் சரிவு, அதன் மேல் வரிசையாக நாலு தைல மரம், நடுவே பனி. இடது மூலையில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீலத் தோங், விளிம்புவரை நிறைந்து கிடந்தது. 'ஒரு வழியாக இவனுக்கும் ரசனை வந்துவிட்டது' என்று நினைத்தேன். வாழ்க்கையில் ஒரு நாளும் மலைப் பக்கம் கேமராவைத் திருப்பாதவன் அன்றைக்கு ஏன் திருப்பினான் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

பனியை எல்லோரும் பாராட்டினார்கள். திருத்தத்தை முதலில் எழுதியது நான். 'அழகான படம், ஆனால் சாய்ந்திருக்கிறது.' என் பின்னாலேயே எல்லோரும் அதையே எழுதினார்கள். சாய்ந்திருக்கிறது, சாய்ந்திருக்கிறது.

மறுநாள் நீ கடைக்கு வந்ததும் அதைத்தான் பேசினாய்.

"என் கை சாயல மச்சான். தக்காளிக் கூடையைக் கவுத்துப் போட்டு, அதுமேல கேமராவை வச்சு, ரசமட்டம் பாத்துதான் எடுத்தேன்."

கூடாரத்துக்குக் கால் நடும்போது வைத்துப் பார்ப்பாயே, அந்த ரசமட்டம். நான் உன்னை விடவில்லை.

"படம் எடுக்க ரசமட்டம் வச்ச ஒரே ஆளு இந்த ஊர்லயே நீதான்லா. மரம் நாலும் ஒரே பக்கமா சாயுது பாரு. கேமரா கோணல்னுதானே அர்த்தம்?"

நீ பதில் சொல்வதற்குள் உன் போனை வாங்கி ஒரு விரலால் படத்தைத் திருப்பினேன். நாலு மரமும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி நிமிர்ந்து நின்றன. நீ வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாய். தே ஆறிப்போனது.

"இப்ப தோங்குல தண்ணி சாஞ்சிருக்கே மச்சான்."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது அன்றைக்கு உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"அதை வெட்டிடு. அந்த நீலம் கண்ணைக் குத்துது."

நானே வெட்டி, குழுவிலும் திரும்பப் போட்டேன். நீ தலையை ஆட்டிவிட்டு லோரியை எடுத்துக்கொண்டு போனாய்.

அதற்கப்புறம் மூன்று வாரம் விடாத மழை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சரிவு இறங்கியது. மல்லிகா லோரியில் பெட்டி ஏற்றக் கீழே ரோட்டுக்கு வந்திருந்தாள். நீ ஸ்டோரில் உட்கார்ந்து தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தாய். மரங்கள் விழவில்லையாம் மச்சான், நின்றபடியே இறங்கி வந்தனவாம். அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

மேலே மலையை வெட்டியது யார், வாய்க்காலை அடைத்தது யார் என்று இங்கே எல்லோரும் பேசுகிறார்கள். பேசட்டும், பேச வேண்டியதுதான். என் பங்கு எது என்று எனக்குத் தெரியும்.

அதுவும் உடனே தெரிந்துவிடவில்லை. உன் நினைவாகத் தானா ராத்தா டவுனில் ஒரு படக் கண்காட்சி வைக்கலாம் என்றார் டீச்சர். நடுவில் மாட்ட உன்னுடைய அந்த மலைப் படம், நான் நேராக்கியது. குழுவில் அதற்குத்தான் அதிகம் பேர் இதயம் போட்டிருந்தார்கள். பெரிதாக அச்சடிக்க அந்த அளவு போதாது என்று அச்சுக் கடைக்காரர் சொன்னதால், நீ முதலில் அனுப்பியதைத் தேடி எடுத்தேன். கல்லாவில் உட்கார்ந்துதான் பார்த்தேன். நீலத் தோங்கில் தண்ணீர், படத்தின் அடி விளிம்போடு விளிம்பாக, துளி கோணல் இல்லாமல் நின்றது. மரங்கள் சாய்ந்திருந்தன.

தண்ணீர் சாயாது என்று எனக்குத் தெரியாதா? தினமும் வாளி வாளியாய்த் தண்ணீர் பிடிக்கிறவன் நான். நீ சுட்டிக்காட்டிய பிறகும் அதை வெட்டி எறிந்தேனே, எந்த வீடியோவில் படித்தேன் அதை?

ரெண்டு நாள் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. மூன்றாம் நாள் மல்லிகாவைப் பார்க்கப் போனேன். தோட்டத்து லயத்தில் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ரெண்டு படத்தையும் காட்டினேன். அவள் முந்தானையால் போனைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

"இதை எடுத்த அன்னிக்கு அவருக்குத் தூக்கமே இல்லண்ணே. மரம் முன்ன இப்படி நிக்கலையேன்னு என்கிட்ட கேட்டாரு. தெனமும் பாக்கறோமா, எனக்கும் தெரியல. மச்சான்கிட்ட கேக்கறேன், அவனுக்குத்தான் படத்தைப் பத்தி நல்லாத் தெரியும்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் உங்க கடைக்கு வந்துட்டு வந்தாரு. சிரிச்சிக்கிட்டே வந்தாரு. 'மரம் நல்லாத்தான் இருக்காம், என் கைதான் கோணலாம்'னாரு. அன்னிக்கு நல்லாத் தூங்கினாரு."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை மச்சான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். எல்லாம் சொன்னேன், தோங்கை வெட்டியதையும் சொன்னேன்.  பிறகு உள்ளே போய் ஒரு சாக்குப் பையை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். ரோட்டில் நிறுத்தியிருந்த உன் மோட்டார் சைக்கிள் பெட்டியில் கிடந்ததாம். பைக்குள் ரசமட்டம்.

"இதை நீங்களே வச்சிக்குங்கண்ணே" என்றாள். இரக்கப்பட்டுக் கொடுத்தாளா, தண்டனையாகக் கொடுத்தாளா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ படத்தைக் காட்டத்தான் வந்தாய் என்று நினைத்தேனே. நீ கேட்க வந்தாய். உனக்கு வேண்டியிருந்தது திருத்தம் இல்லை, 'வாடா, போய்ப் பார்த்துட்டு வரலாம்' என்று ஒரு வார்த்தை. பிரிஞ்சாங்கிலிருந்து உன் தோட்டத்துக்கு எவ்வளவு தூரம்? கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஏறி வந்திருக்கலாம். நின்று பார்த்தாலே தெரிந்திருக்கும்.

நேற்று ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் குழுவில் போட்டு, நடந்ததை எழுதினேன். இதயம் இல்லை, கும்பிட்ட கை இல்லை, பாராட்டும் இல்லை திருத்தமும் இல்லை. எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. சாயங்காலம் டீச்சர் போன் பண்ணினார்.

"காதர், இதெல்லாம் இப்ப எதுக்குப்பா? நேரானதையே மாட்டிடலாமே. பாக்க வர்றவங்களுக்கு மனசு கஷ்டமாயிடும்."

"கஷ்டமாகட்டும் டீச்சர்" என்றேன். 

உனக்கு நான் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இனி எவன் படம் சாய்ந்திருந்தாலும் கையைக் குறை சொல்ல மாட்டேன். எங்கே நின்று எடுத்தாய், அங்கே என்ன சாய்கிறது என்று முதலில் கேட்பேன். கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்க மாட்டேன், ஏறிப் போய்ப் பார்ப்பேன். கண்காட்சியில் நீ எடுத்தபடியே உன் படத்தை மாட்டுவேன், ஓரத்தில் அந்த நீலத் தோங்கும் இருக்கும். ஆணி அடிக்கும்போது உன் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துத்தான் அடிப்பேன். சட்டம் நேராக இருக்கும். மரங்கள் சாய்ந்தே நிற்கும்.

நீ கேட்க வந்தபோது கேட்காமல் போன உன் மச்சான்,
பிரிஞ்சாங் ரொட்டிக்கடை காதர்