கத்தி அவருடையது, திரும்பும் இடம் என்னுடையது

செப்டம்பர் 2, புதன்

ஏப்ரலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்ட மனிதருக்குச் செப்டம்பரில் எதற்குக் கத்தி? நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

இனி மலை ஏறலாம் என்று இருதய டாக்டர் நேற்றுதான் சொன்னார். 'மெதுவா ஏறுங்க. கூட ஆள் இருக்கணும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு அழுத்தினாலோ அந்த இடத்துலயே திரும்பிடணும். உச்சி எங்கயும் ஓடிப் போயிடாது.' என் வீட்டுக்காரர் காதில் விழுந்தது 'ஏறலாம்' மட்டும். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கணினி முன் உட்கார்ந்துவிட்டார். நல்ல காலணி தேடுகிறார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் மழைச்சட்டை. எட்டிப் பார்த்தால், கத்தி.

'பழைய மடக்குக் கத்தி என்ன ஆச்சு?'

'கீல் வெச்ச எதையும் நம்ப முடியாது. என்னைக்காவது காலை வாரிடும். மடங்காத சின்னக் கத்தியா ஒண்ணு வேணும். மலைக்கும் ஆச்சு, தினமும் இடுப்புல வெச்சுக்கவும் ஆச்சு.'

தினமும் இடுப்பில்! காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு புரட்டுகிறவர். அங்கே எந்தப் புலி வந்து வரிசையில் நிற்கிறது?

செப்டம்பர் 5, சனி

கேப்டன் வந்திருந்தார். இவருடைய மலைக் கூட்டாளி. கப்பலிலும் இருந்ததில்லை, படையிலும் இருந்ததில்லை. அந்தப் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தது என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். இடுப்பில் முழங்கை நீளத்துக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு என் சோபாவில் உட்கார்ந்தார். எழுந்து போனபோது மெத்தை உறையில் ஓட்டை.

'அலகு நாலு விரல்கடையைத் தாண்டக் கூடாது மாப்ள. தாண்டினா அது கத்தி இல்ல, அரிவாள்.'

'அப்ப உன் இடுப்புல தொங்குறது?'

'அது வேற விஷயம்.'

காபி கொண்டுபோய் வைத்தேன். 'தங்கச்சி, இதெல்லாம் உங்களுக்கு போர் அடிக்கும்' என்றார் பெரிய மனசோடு. போர் அடிக்கவில்லை. இரண்டு ஆண்கள் இவ்வளவு தீவிரமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பிள்ளையின் படிப்பைப் பற்றிக்கூட.

அவர் போனபிறகு சொல்லிவிட்டேன்: 'அவர்கூடப் போனா நீங்க திரும்ப மாட்டீங்க. நான் வர்றேன்.'

சிரித்தார். 'நீயா? பஸ் ஸ்டாப்புக்கே ஆட்டோ பிடிக்கிறவ.'

'நான்தான். எங்க திரும்பணும்னு நான் சொல்வேன். சொன்னா மறுபேச்சுப் பேசாம திரும்பணும்.'

'சரி. ஆனா கத்தியை நான்தான் எடுப்பேன். அதுல நீ மூக்கை நுழைக்கக் கூடாது.'

கை குலுக்கிக்கொண்டோம், ஏதோ வீடு விற்று வாங்கியவர்கள் மாதிரி. ஒரு கத்தியை விட்டுக்கொடுத்து ஆளை மீட்டுவிட்டேன் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரே கர்வம்.

செப்டம்பர் 6, ஞாயிறு

கத்தியைப் பற்றி இன்று முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு யாராவது சால்வை போர்த்தலாம்.

செப்டம்பர் 9, புதன்

சாப்பாட்டு மேசையில் எஃகு பற்றிய சொற்பொழிவு. 'துருப்பிடிக்காம இருக்கிறதுக்கு அதுல குரோமியம்னு ஒண்ணு சேர்ப்பாங்க, தெரியுமா?' வேதியியலில் முதுகலை படித்துவிட்டு, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அந்தக் குரோமியத்தைத்தான் இருபது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். 'அப்படியா' என்றேன். 'ஆமா, கார்பன் ஜாஸ்தின்னா கூர் நிக்கும், ஆனா துரு பிடிக்கும்' என்று தொடர்ந்தார். அப்படியா, அப்படியா.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வீடியோ. தாடி வைத்த ஒருவன் விரல் நீளக் கத்தியை மரக்கட்டையின் மேல் வைத்து, இன்னொரு கட்டையால் அதன் முதுகில் அடித்து விறகு பிளக்கிறான். கோடாரி என்று ஒரு பொருள் இருப்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. லட்சக்கணக்கான பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒருவருக்குத்தான் நான் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன்.

இவர் பழகிப் பார்க்கிறேன் என்று என் சமையலறைக் கத்தி அத்தனையையும் தீட்டிவிட்டார். கூர் பார்க்க முன்கை முடியை மழிக்கிறார். இடது கை இப்போது உரித்த கோழி மாதிரி இருக்கிறது. அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லையா? கேட்டிருந்தால் அவர்களுக்கும் சொற்பொழிவு கிடைத்திருக்கும்.

செப்டம்பர் 12, சனி

கடைக்குப் போனோம். பூட்டு, தாழ்ப்பாள், பெயின்ட் விற்கும் தெருவின் கோடியில் கண்ணாடிக் கதவு போட்ட சின்னக் கத்திக் கடை. நடத்துகிறவள் என் வயதுக்காரி. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடிக்கொண்டிருந்தாள். பச்சைத் துணி விரித்து மூன்றை வைத்தாள். ஒவ்வொன்றையும் உறையோடு தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டினாள். 'விழக் கூடாது சார். விழுந்தா உங்க கால்லதான் விழும்.'

ஒன்று மெல்லிய அலகு, என் நடுவிரல் நீளம், இருப்பதே தெரியாத எடை. ஒன்று கடப்பாரைக்குத் தம்பி, முதுகு அவ்வளவு தடிமன். மூன்றாவது நுனி வளைந்த கிளிமூக்கு. கிளி எதைக் கொத்தப் போகிறது என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

இவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். என்னைத் தேர்ந்தெடுத்தபோது இதில் பாதி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கடப்பாரைத் தம்பியைக் கீழே வைக்கவே மனம் வரவில்லை.

'சார், பிடி கைக்குள்ள அடங்கணும். இது உங்க சுண்டுவிரலைத் தெருவுல விடுது' என்றாள். என் பக்கம் திரும்பி, 'நீங்க சொல்லுங்கம்மா.'

'நான் பேசக் கூடாதுன்னு ஒப்பந்தம்.'

'அட, நல்லா இருக்கே. எங்க வீட்டுக்காரருக்கும் அப்படி ஒண்ணு போட்டுக் குடுங்களேன்.'

'யோசிக்கணும்' என்று சொல்லி எதையும் வாங்காமல் வெளியே வந்தார். அடுத்த சனிக்கிழமை மலை. எப்போது யோசித்து முடிப்பாராம்?

செப்டம்பர் 14, திங்கள்

வேலை முடிந்து வரும் வழியில் இறங்கி நானே வாங்கிவிட்டேன். மெல்லியதை. கயிறு, ரொட்டி, காயத்துக்குத் துணி, எதற்கு வேண்டுமானாலும் போதும். முதல் பார்வையிலேயே தெரிந்த விஷயம். இதற்குப் போய் இரண்டு வாரமா?

அவர் முன்னால் வைத்தேன். உருவிப் பார்த்தார். நகத்தில் கூர் பார்த்தார். உறையில் போட்டார்.

'நல்ல கத்தி.'

அப்படியானால் சரி என்று எழுந்தேன்.

'கத்தியை நீ எடுத்துட்ட. அப்ப எங்க திரும்பறதுன்னு நான் பார்த்துக்கிறேன்.'

விளையாட்டு என்று நினைத்தேன். பல் தேய்க்கப் போய்விட்டார்.

செப்டம்பர் 15, செவ்வாய்

விளையாட்டு இல்லை.

ஐம்பத்து மூணு வயசு ஆளுக்கு ஒரு கத்தி விஷயத்துல இவ்வளவு வீம்பா? சின்னப் பிள்ளைங்க பரவாயில்ல, மிட்டாய் குடுத்தா சமாதானம் ஆயிடும். நான் என்ன விஷமா வாங்கிட்டு வந்தேன்? நல்ல கத்தின்னு அவரே சொன்னாரே! அப்புறம் என்ன—

காலையில் கேட்டேன். கத்தவில்லை அவர். கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

'நான் உள்ள விழுந்துடுவேன்னு பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழட்டின. என்னைக் கேட்டியா? என்ன சாப்பிடணும், எப்ப படுக்கணும், படியா லிஃப்ட்டா, எல்லாம் நீதான். நான் ஒண்ணும் சொல்லல. ஒரே ஒரு கத்தி. அதைக்கூட உன்னால விட முடியல.'

'உங்க உயிருக்காகத்தானே—'

'தெரியும்' என்றார்.

தெரியும் என்கிறவரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

சனிக்கிழமை இவர் வாயைப் பிளந்துகொண்டு ஏறுவார். நில்லுங்கள் என்று நான் பின்னாலிருந்து கத்துவேன். நிற்க மாட்டார். நிற்கிறேன் என்று அவரே கொடுத்த வார்த்தை என் கையில் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு ரொட்டி வெட்டும் கத்தி வாங்கி வந்திருக்கிறேன். இந்தப் புத்திசாலித்தனத்துக்கா முதுகலை?

செப்டம்பர் 16, புதன்

கத்தி மேசைமேல் கிடக்கிறது. இரண்டு பேரும் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறோம்.

செப்டம்பர் 17, வியாழன்

'கடைக்குப் போலாம். இதைக் குடுத்துட்டு நீங்களே ஒண்ணு எடுங்க' என்றேன்.

'நீ உள்ள வந்தா முகத்தைப் பார்த்தே நான் மாறிடுவேன்.'

'வெளியிலயே நிக்கிறேன்.'

நின்றேன். பக்கத்துப் பெயின்ட் கடையில் வெள்ளை நிறத்துக்கு மட்டும் எத்தனை பெயர் வைத்திருக்கிறார்கள்! எல்லாவற்றையும் படித்து முடித்தேன். ஓரக்கண்ணால் பார்த்தால் இவர் கண்ணை மூடி நிற்கிறார், கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

கடப்பாரைத் தம்பியோடு வெளியே வந்தார். பின்னாலேயே வந்த கடைக்காரி, நான் என்ன பண்ணட்டும் என்பதுபோல் எனக்கு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

'எப்படி இருக்கு?'

'நல்லா இருக்கு.'

'பொய் சொல்றே.'

'ஆமா.'

நடுத்தெருவில் நின்று சிரித்தார். பிறகு கையை நீட்டினார். குலுக்கினேன்.

'எங்க சொல்றியோ அங்க திரும்பறேன். போதுமா?'

செப்டம்பர் 18, வெள்ளி

நாளை மலை.

வார்த்தை திரும்பக் கைக்கு வந்துவிட்டது. அதை எப்போது செலவழிப்பது? தண்ணீர் என்றால் எனக்குத் தெரியும். எதில் எவ்வளவு இருந்தால் குடிக்கக் கூடாது என்று அட்டவணை உண்டு. இவருக்கு அட்டவணை இல்லை. விட்டால் முதல் படியிலேயே 'போதும்' என்பேன். அப்படிச் சொன்னால் இனி எதற்கும் என் பேச்சை நம்ப மாட்டார். காத்திருந்து, காத்திருந்து, ஒரு நிமிடம் தாமதித்துவிட்டால்?

கேப்டன் போன் செய்தார். முட்டி வலியாம், வர முடியாதாம். அவரை யார் கூப்பிட்டார்கள்?

செப்டம்பர் 20, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

முதல் பேருந்தில் போய் அடிவாரத்தில் இறங்கினோம். கத்தி இடுப்பில், நிமிர்ந்த நடை. மூச்சு வாங்கினது முதலில் எனக்குத்தான். ஓடையருகே நின்று என் முகத்தைப் பார்த்தார். 'நடங்க' என்றேன். பாறைச் சரிவில் பார்த்தார். 'நடங்க.' நன்றாகத்தான் ஏறினார். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், எனக்குத் தெரிந்த எந்த இடத்திலும் அவர் அவ்வளவு நன்றாக இருந்து நான் பார்த்ததில்லை.

மரங்கள் முடிகிற இடத்தில் குனிந்து காலணி நாடாவைக் கட்டினார். சற்றுத் தள்ளி மறுபடி குனிந்தார். நாடா அவிழவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சுற்றிப் போய்ப் பார்த்தேன். மேலுதட்டில் வியர்வை. முகம் சாம்பல் நிறம். உச்சி அதோ, அங்கே நிற்பவர்களின் சட்டை நிறம்கூடத் தெரிகிற தூரம்.

'போதும். திரும்பலாம்.'

உச்சியைப் பார்த்தார். 'அதோ இருக்கு' என்றார்.

'ஆமா.'

பாறையில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். நானும் உட்கார்ந்தேன். சொல்ல வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தேன். மூச்சு அடங்கி, முகத்தில் நிறம் வந்த பிறகு எழுந்தார். கீழே போகும் பாதையில் திரும்பி நடந்தார். எனக்கு முன்னால்.

பாதி வழியில், திரும்பிப் பார்க்காமல், 'இன்னும் கொஞ்சம் மேல விடுவேன்னு நெனச்சேன்.'

'நானும்தான்.'

அடிவாரத்திலிருந்து டாக்டருக்கு அவரே போன் செய்தார். நாடா விஷயத்தையும் மறைக்காமல் சொன்னார். உடனே வரச் சொல்லிவிட்டார். போனோம். மாலை வரை படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, மாத்திரையை மாற்றி அனுப்பினார். 'அதுக்கு மேல ஒரு அடி வெச்சிருந்தீங்கன்னா வேற மாதிரி பேசிக்கிட்டிருப்போம்' என்றார் இவரிடம். இவர் என்னைப் பார்க்கவில்லை. நானும்.

கத்தி நாள் முழுக்க உறையைவிட்டு வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது பார்த்தேன். அந்தத் தடிப் பிடி இடுப்பில் உரசி உரசி உள்ளங்கை அகலத்துக்குத் தோலை எடுத்திருக்கிறது. ஒரு பக்கம் நிரப்புமளவுக்குத் திட்டு வாயில் வந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். துண்டைப் போர்த்திக்கொண்டு குளிக்கப் போனார்.

களிம்பை எடுத்து அவர் தலையணைப் பக்கம் வைத்துவிட்டு, துணி ஊறவைக்கப் போனேன்.