அட்டைக் காசோலை

ஆகஸ்ட் 4

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கணவர் மறைவால் நான் அடைந்த துயரம் சொல்லில் அடங்காது. என் அறக்கட்டளை கட்டியுள்ள மருத்துவமனையில் ஒரு பிரிவுக்கு அன்னாரின் பெயர் சூட்டப்படுகிறது. திறப்பு விழா மேடையில் தாங்கள் அமர்ந்து, என்னை வளர்த்த கதையைக் கூற வேண்டுகிறேன்.

தங்கள் தம்பி,
வங்கித் தலைவர்

ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

இங்கே நலமில்லை. நீ நலம் என்பதைப் பேப்பரில் பார்த்துக்கொண்டேன்.

எப்போதிலிருந்து நான் 'தாங்கள்' ஆனேன்? எழுதியவர் யாரோ, அவருக்குச் சம்பளம் கூட்டிக் கொடு. துயரத்தை அழகாக டைப் அடித்திருக்கிறார்.

உன் அத்தான் படுக்கையில் கிடந்தபோது கேட்டதெல்லாம், "சின்னவன் வந்தானா?" வாசலில் கார் சத்தம் கேட்டாலே தலையைத் தூக்குவார். நீ வரவில்லை. அவர் போன அன்று உன் ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள், கதவளவு அட்டையில் காசோலை எழுதிக்கொண்டு. அதன் மூலையில் சிரித்தபடி உன் படம். பிணத்துக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி அட்டையைக் கையில் கொடுத்தார்கள். "அம்மா, கொஞ்சம் இறக்கிப் பிடிங்க, உங்க தலைமுடி ஐயா மூஞ்சிய மறைக்குது" என்றார் கேமராக்காரர். அழாதே என்று மட்டும் சொல்லவில்லை. அழுதால் படம் நன்றாக வருமாம்.

மேடைக்கு வரமாட்டேன்.

அக்கா

ஆகஸ்ட் 17

அக்கா,

இது என் கையெழுத்து. ஆட்கள் செய்தது தப்பு, திட்டிவிட்டேன். அத்தான் கடையை மூடிவிட்டு, கிரீஸ் கையோடு என்னைப் பரீட்சைக்குச் சைக்கிளில் வைத்து மிதித்துக் கொண்டுபோனதை நான் மறக்கவில்லை. கோபப்படு, ஆனால் வா. அழைப்பிதழில் உன் பெயர் அச்சாகிவிட்டது. அப்புறம் ஒருநாள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசுகிறேன்.

தம்பி

ஆகஸ்ட் 20

தம்பி,

உன் கையெழுத்தைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. சைக்கிள் வரை படித்து அழுதேன். 'அச்சாகிவிட்டது' என்று வந்ததும் கண் காய்ந்துவிட்டது.

உனக்குச் செய்ததை அவர் பக்கத்துக் கடைக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. அந்த மனுஷன் பெயரை உன் சுவரில் எழுதாதே. எழுதினால் மேடைக்கு வருவேன். வந்து, நீ கேட்ட கதையை முழுசாகச் சொல்வேன்.

உன் அட்டை வீண்போகவில்லை. குளியலறை ஜன்னலில் கண்ணாடி உடைந்திருந்தது, வைத்து அடைத்துவிட்டேன். முதலில் உன் முகம் உள்பக்கம் இருந்தது. கூச்சமாக இருந்ததால் தெருப்பக்கம் திருப்பினேன். மழையில் எழுத்தெல்லாம் ஊறிப்போச்சு. நீ மட்டும் இன்னும் சிரிக்கிறாய்.

வீட்டுக்கு வருகிறேன் என்றாய். வேண்டாம். கார் சத்தம் கேட்டுத் தலை தூக்க இங்கே இப்போது ஆள் இல்லை.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர் பெண்டாட்டி