எதிர்ப்பக்கமாக மடித்த இலை

இன்று மதியம் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் வாழை இலையில் சூடான சோறு விழுந்ததும் அந்தப் பச்சை வாசனை எழுந்தது. எதிர் நாற்காலி காலி. உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது. வரிசைப்படுத்தாமல் எனக்கு எழுத வராது. ஆகவே, சொல்லப் போவது மூன்று:

1. நீ கோபமாக இருக்கவில்லை.
2. உன்னை அசைத்தது என் அட்டவணை அல்ல, என் தப்புகள்.
3. அவற்றை நான் வேண்டுமென்றே செய்தேன் என்று உனக்குக் கடைசிவரை தெரியாது.

சரியாகச் சொல்லிவிடுவேனா என்பது சந்தேகம்தான்.

உனக்கு மறதி நோய் என்றதும், பெயர்களை மறப்பாய், வழியை மறப்பாய் என்றுதான் பயந்தேன். நடந்தது வேறு. கிள்ளான் வீட்டு முன்னறையில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாய். எழுந்திருக்க மனம் வரவில்லை. தொலைக்காட்சி ஓடினாலும் சரி, அணைந்திருந்தாலும் சரி. பேத்தி பிறந்த செய்திக்கும் ஒரு "ம்" தான். துறைமுகத்தில் லோரிகளைக் குரலாலேயே நகர்த்திய ஆள் நீ.

"என் மேல என்ன கோவம்னு கேளுங்கண்ணே," என்று உன் மனைவி சரோஜா அழுதாள். "கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறாரு. இப்படியே போனா, நான் யாரோட குடும்பம் நடத்துறேன்?"

அடுத்த முறை மருத்துவரிடம் நானும் கூட வந்தேன். இதற்கு மாத்திரை வேண்டாம் என்றார் அந்தப் பெண்.

"கோவமும் இல்ல, சோம்பலும் இல்ல அங்கிள். ஒரு வேலைய ஆரம்பிக்கிற உந்துதல்தான் போயிடுச்சு. அவரா தொடங்குவாருன்னு காத்திருக்காதீங்க. நீங்க தொடங்கிக் கொடுங்க. அவருக்குப் பழகின வேலையா இருக்கட்டும்."

கோபமில்லை என்று கேட்டதே சரோஜாவுக்குப் பாதி மருந்து. மீதிப் பாதிக்கு நான் அட்டவணை போட்டேன். காலையில் பழைய பாட்டு, பிறகு செடிக்குத் தண்ணீர், மாலையில் கேரம். பாட்டு வைத்தால் கண்ணை மூடிக்கொண்டாய். பலகையில் பவுடர் தூவிவிட்டுக் காத்திருப்பேன். நீ காய்களைப் பார்ப்பாய், அவ்வளவுதான். வேறு யாராவது செய்திருந்தால் பலித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, வேலைக்காலத்தில் நாம் வழக்கமாகச் சாப்பிட்ட பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு உன்னைக் கூட்டி வந்தோம். சரோஜா உனக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்ததில், சாப்பிட்டு முடித்த இலையை என் பக்கமாக மடிக்காமல் எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டேன், கருமாதிச் சாப்பாட்டில் மடிப்பதுபோல.

உன் கை மேசையைத் தாண்டி வந்து என் கையைத் தட்டியது.

"டேய் கிராணி. இங்க யாருடா செத்துட்டா?"

துறைமுக அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாக இருந்ததற்காக நீ எனக்கு வைத்த பெயர் அது. அதைக் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. என் இலையை இழுத்துச் சரியாக மடித்து வைத்தாய். பிறகு உன் இலையில் நீயே கை வைத்தாய். சரோஜா சோற்று உருண்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

அன்றோடு அட்டவணையை விட்டேன். தப்புகளை யோசிக்க ஆரம்பித்தேன். கேரமில் சிவப்பைப் போட்டுவிட்டு, அதற்குத் துணையாக விழ வேண்டிய அடுத்த காயைப் போடாமலே அதை எடுத்து வைத்துக்கொள்வேன். "கள்ளன்லா நீ," என்று பிடுங்குவாய். ஆட்டம் தொடங்கிவிடும். கறிவேப்பிலைச் செடிக்கு வேரை விட்டுவிட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றுவேன். நாற்காலியை விட்டு எழுந்து வந்து குழாயை வாங்கிக்கொள்வாய். எதற்கும் அசையாத நாட்களும் உண்டு. மற்ற நாட்களில் நீ சரோஜாவையும் விடவில்லை. "காப்பியில சீனி எங்க?" அத்தனை சந்தோஷமாகத் திட்டு வாங்கிய ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

நெஞ்சுச் சளி வந்து நீ போகும்வரை எங்களுக்கு அது நல்ல காலம்தான்.

இப்போது வாரம் ஒருமுறை கிள்ளானில் ஒரு முதியோர் பகல் இல்லத்துக்குப் போகிறேன். பேசாமல் உட்கார்ந்திருப்பவர் என்ன வேலை பார்த்தவர் என்று விசாரித்துக்கொண்டு, அவர் பக்கத்தில் அமர்ந்து அதைத் தப்பாகச் செய்கிறேன். போன வாரம் ஒரு தையல்காரர் என் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கினார். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வித்தை.

இதுவரை எழுதியதைச் சரிபார்க்கச் சொல்லி, சாயங்காலம் சரோஜாவிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்தாள்.

"மூணாவது சரியில்லண்ணே. நீங்க கெளம்பிப் போனதும் அவரு என்ன சொல்லுவாரு தெரியுமா? 'பாவம் கிராணி. தப்புப் பண்ணக்கூட எவ்வளவு யோசிக்கிறான். நாளைக்கு என்ன பண்றான்னு பாப்போம்.'"

ஆகவே, மூன்றாவது தவறு. உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, நாளை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.