கோடு போன முன்கண்ணாடி

மாமா,

உங்கள் புதுக் காரை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு வேலைக்குப் போகிறேன். என் கார் சாவி ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. ஓட்டுவதற்கு அல்ல, உட்கார்ந்து பார்ப்பதற்கு.

மண் படிந்த என் கார் முன்கண்ணாடியில் தண்ணீர் விடாமல் வைப்பரைப் போட்டுக் கோடு இழுத்தது நீங்கள். அந்தக் கோட்டை எடுக்க வாங்கிய பாலிஷ் மெஷினை நகர்த்திக்கொண்டே பரவலாகத் தேய்க்கவேண்டும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். நீங்கள் ஒரே இடத்தில் வைத்து அழுத்தினீர்கள். கோடு போனது. ஆனால் கண்ணாடி அந்த இடத்தில் குழிந்து, அதன் வழியே பார்த்தால் ரோடே நெளிகிறது. நான் அதைச் சொன்னதற்கு, "உனக்குக் கண்ணு சரியில்லடி" என்றீர்கள். உங்கள் அக்காவுக்கும் போன் போட்டுச் சொல்லிச் சிரித்தீர்கள்.

நேற்று கண் டாக்டரிடம் காட்டினேன். என் பார்வையில் ஒரு குறையும் இல்லையாம். அவர் எழுதிக் கொடுத்ததை என் கார் ஸ்டீயரிங்கில் ஒட்டியிருக்கிறேன். புது முன்கண்ணாடி மாட்டும்வரை உங்கள் கார் என்னுடையது.

பரங்கிப்பேட்டையிலிருந்து உங்கள் அக்கா பதினொரு மணிக்கு வருகிறார். நெத்திலிக் குழம்பு அவருக்கு. உங்களுக்கு நேற்றைய ரசம் இருக்கிறது.

எழிலரசி

மறந்துவிட்டேன். அக்காவை என் காரில் டிரைவர் சீட்டில் உட்காரவைத்துத் தெருவைப் பார்க்கச் சொல்லுங்கள். "என்னடா தம்பி, தெரு நெளியுது?" என்று கேட்டால், அவருக்கும் கண் சரியில்லை என்று எனக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். நானும் சிரிக்கவேண்டும்.