மூன்றாம் படுக்கையின் விளக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சுதந்திர தினத்தன்று வழக்கம்போல் தெருமுனையில் கொடியேற்றி, எல்லாரையும் வெயிலில் நிற்கவைத்துப் பேசியிருப்பீர்கள். நானும் நீங்கள் கொடுத்த கொடி ஊசியைச் சீருடையில் குத்திக்கொண்டுதான் வார்டுக்குப் போனேன்.

அன்று ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதீர்கள். மூன்றாம் படுக்கையில் நம் நாட்டு லாரி டிரைவர் ஒருவர் இருக்கிறார். அவர் மணியை அழுத்தியதும் தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. நான் எழுந்திருப்பதற்குள் ஏழாம் படுக்கையிலும் எரிந்தது. அதில் இருப்பவர் இந்த நாட்டு வெள்ளைக்காரர். முதலில் எரிந்த விளக்குக்கு முதலில் போக வேண்டும் என்பதுதான் இங்கே விதி. நான் மூன்றைத் தாண்டி ஏழுக்குப் போனேன். அவருக்கு ஜன்னல் திரையை இழுத்துவிட வேண்டுமாம்.

திரும்பி வந்தபோது டிரைவரின் படுக்கை நனைந்திருந்தது.

"பரவாயில்லம்மா. அவங்களை முதல்ல கவனிக்கிறது நமக்குப் பழக்கம்தானே" என்றார், என் கொடி ஊசியைப் பார்த்துக்கொண்டே.

யாரும் என்னை அதட்டவில்லை அப்பா. நம்மை ஆண்டவர்கள் கப்பலேறிப் போய் இத்தனை வருஷம் ஆகியும், என் கால் தானாக அந்தப் பக்கம் போயிற்று. நீங்கள் வருஷாவருஷம் பேசும் விடுதலை என் கால்வரை வந்து சேரவில்லை. ஊசியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அம்மாவின் பழைய போர்வை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அவள் வாசம் போய்விடும்.

மணி அடிக்கிறது, நிறுத்துகிறேன். இரண்டு படுக்கைகளில் விளக்கு எரிகிறது. எது முதலில் எரிந்தது என்று பார்த்துவிட்டுத்தான் எழுவேன்.

உங்கள் மகள்